குருத்தோலைப் பவனியில் கடைசி ஆள்

எங்கள் சபையில் ஒரு குருத்தோலை ஞாயிறன்று, பவனியில் கடைசி ஆளாக நடப்பதற்கு அடிதடி நடக்காத குறை. முதல் ஆளாக நடக்கச் சண்டை போட்டால் அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்கள். கடைசி இடத்துக்கு யாராவது அடித்துக்கொள்வார்களா? எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அடித்துக்கொண்டார்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் கோயில். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியப்பாதான் சபைச் செயலாளர். பவனியில் மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது செயலாளருடைய உரிமை. அந்த வருஷத் தேர்தலில் அப்பா எதிர்த்து நின்றார், ஜெயித்தும் தொலைத்தார். மறுநாளே பெரியப்பா இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வழியைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார். சபைக் கணக்கு, சாவி எல்லாம் கொடுத்தார். சிலுவையை மட்டும் தன் வீட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

இதில் நசுங்கியது அத்தைதான். அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ஒரே தங்கை. சின்ன வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய தையல் மிஷின் எங்கள் வீட்டில், படுக்கை பெரியப்பா வீட்டில். தகரம் வந்தபின் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவரப் போனால் தட்டிவிடுவாள். இங்கே டீ குடித்தால் பெரியப்பா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார், அங்கே சாப்பிட்டால் அப்பா உர்ரென்று இருப்பார். ஒருநாள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே அத்தை சொன்னாள்: "ஈஸ்டர் முடிஞ்சதும் நான் சேலம் போறேன். அங்க பொம்பளைங்க ஹாஸ்டல்ல எடம் இருக்குதாம்."

சும்மா சொல்லவில்லை. மிஷின் பக்கத்தில் ஒரு நீலப் பை வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்தப் பை இன்னும் கொஞ்சம் பருத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பேன். பருத்துக்கொண்டேதான் வந்தது. எனக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அந்த நாட்களில் கால் தரையில் பாவவே இல்லை. வாசலுக்கும் தகரத்துக்கும் பைக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். "உனக்கென்னடி, எறும்பு ஏறிடுச்சா?" என்று அம்மா திட்டுவாள்.

போதகர் ஐயா சபைக்குப் புதுசு. நல்ல மனுஷன், எதையும் ஒரு பிரசங்கத்தில் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற வயசு. யார் பெரியவன் என்று சீடர்கள் வழியெல்லாம் வாக்குவாதம் செய்ததையும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் கடைசியாக நின்று ஊழியம் செய்யட்டும் என்று இயேசு சொன்னதையும் எடுத்து, பவனிக்கு முந்தின ஞாயிறு உருக்கமாகப் பேசினார். கடைசியில், "இந்த வருசம் சிலுவையப் பிள்ளைங்க தூக்கட்டும். சபையில யாரு பெரிய ஊழியக்காரங்களோ, அவங்க கடைசியா வரட்டும்" என்று முடித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக இரண்டு ஆமென் கேட்டன. ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று பெரியப்பாவுடையது. அந்தச் சத்தத்திலேயே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சிலுவை அன்றைக்குச் சாயந்திரமே பரணிலிருந்து இறங்கிவிட்டது. முன்னால் போகிற சிலுவையால் இனி யாருக்கு என்ன பிரயோஜனம்?

பவனி அன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. சிலுவையின் ஒரு முனையைப் பெரியப்பா மகளான அக்கா பிடித்தாள், மறுமுனையை நான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாதென்று இரண்டு வீட்டிலும் உத்தரவு. ஒரே சிலுவையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? "தூக்குடி", "மெதுவா போடி" என்று மெல்ல ஆரம்பித்துவிட்டோம்.

ஆனால் நடக்கத்தான் முடியவில்லை. முன்னால் நாங்கள் பத்தடி வைத்தால் பின்னாலிருந்து "நில்லுங்க, நில்லுங்க" என்று சத்தம் வரும். முன்பக்கம் பாட்டின் மூன்றாவது சரணத்தில் இருக்க, பின்பக்கம் இன்னும் பல்லவியிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஒகேனக்கல் போகிற வேன்கள் வேறு. எங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஹாரனை அலறவிட்டன. எனக்கோ காலெல்லாம் பரபரத்தது. ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வேன் டிரைவர் இறங்கி விறுவிறுவென்று முன்னால் வந்தார். "இங்க லீடரு யாருங்க? யார்கிட்டப் பேசறது?" ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் குருத்தோலையைப் பின்பக்கம் நீட்டினார்கள். முன்னாலிருந்து லீடரைத் தேடிப் பின்னால் போக வேண்டியதை அந்த மனுஷன் அதுவரை எந்த ஊர்வலத்திலும் பார்த்திருக்க மாட்டார். சிலுவையை அக்காவிடம் தள்ளிவிட்டு நானும் அவர் பின்னால் ஓடினேன்.

அங்கே பெரியப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு ஓரடி பின்னால் அப்பா, அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆங், சொல்லுங்க, ஆங்" என்று நின்றார். பெரியப்பா நிமிர்ந்து அப்பா பின்னால் நிற்பதைப் பார்த்தார். சட்டென்று அவருக்கும் பின்னால் போய்த் தும்ம ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் முன்னால், தன்பாட்டுக்குக் காலை இழுத்து இழுத்து அத்தை போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் பவனியில் கடைசி ஆள் அவள்தான். அவள் வந்து சேரும்போது உள்ளே ஆராதனை பாதி ஆகியிருக்கும். அதுவரை அதை யாரும் கவனித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"உங்க ரெண்டு பேர்ல யாருங்க லீடரு?" என்று டிரைவர் கேட்டார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். நான்தான் என்று வாயைத் திறந்தால் பிரசங்கத்தின்படி தோற்றுப்போவார்கள். 

அத்தை திரும்பினாள். தனக்குப் பின்னால் நிற்கிற அண்ணன்களை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இவங்க எங்க அண்ணனுங்க, தம்பி" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. "எனக்குக் கால் முடியாதில்ல, நான் பின்தங்கிடுவேன்னு ரெண்டு பேரும் எனக்காக நிக்கிறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

டிரைவர் முகம் மாறிவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி அண்ணனுங்களா! மெதுவாவே வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, "எவன்டா அது ஹாரன் அடிக்கிறது?" என்று மற்ற வேன்களைப் பார்த்துக் கத்தினார்.

நான் பொங்கிவிட்டேன். "இல்ல அத்த, அவங்க..." என்பதற்குள் என் காதைப் பிடித்துத் திருகி, "நீ போய் சிலுவையப் புடி" என்று துரத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, "புடிங்கண்ணா" என்றாள். பெரியப்பா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அன்றைக்கு அவள் நடந்த நடையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, ஆளே தொங்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ஒரே வரிசையில் கோயில் வாசலில் ஏறினார்கள். ஆராதனை அவர்களுக்காகக் காத்திருந்தது.

மத்தியானம் பெரியப்பாவே தகரத்தைக் கழற்றினார். "கால் முடியாதவ எத்தன தடவ சுத்திக்கிட்டு வருவா" என்று யாரையோ திட்டுவதுபோல முணுமுணுத்தார். அப்பா போய்த் தகரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. அத்தையிடம் ஓடினேன். அவள் நீலப் பையிலிருந்து புடவைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, அவங்க உனக்காக நிக்கல. யாரு கடைசியா வர்றதுன்னு போட்டி போட்டாங்க. நான் பாத்தேன்."

"அப்பிடியா கண்ணு? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் அத்தை. ஒரு புடவையை உதறி, "இந்த முந்தியப் புடி, மடிக்கலாம்" என்றாள். மடித்ததை எடுத்துக்கொண்டு, யார் கையும் பிடிக்காமல், பெரியப்பா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

எனக்கு அவளைப் பார்க்க அழுகையே வந்தது. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவள் சேலத்தில் தனியாக எப்படித்தான் பிழைத்திருப்பாளோ என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு ஒரே கவலை.