மிதியில் கட்டிய கால்

"நல்லா மிதி கலாவதி. நான் இன்னா கண்ணாடிச் சாமானா, பயந்து பயந்து மிதிக்கிற?"

கட்டிலில் மல்லாந்து கிடக்கும் பரமசிவத்தின் வலது பாதத்தில் ஒரு கயிறு. அதன் மறுநுனி கட்டில் சட்டத்தைத் தாண்டித் தறிக்குழிக்குள் இறங்கி, மிதிப்பலகையில் முடிந்திருக்கிறது. தறியில் உட்கார்ந்து மனைவி மிதியை அழுத்தினால் இவர் கால் நீளும். விட்டால் இவராக மடக்கிக்கொள்ள வேண்டும். தினம் நூறு தடவை காலை நீட்டி மடக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு இவர் கண்டுபிடித்த வழி இது. ஐம்பத்திரண்டு வயதில் மூளை இப்படி ஓடுகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரனான எனக்குப் பொறாமைதான்.

போன ஐப்பசியில், தெருவில் நீளமாக விரித்திருந்த பட்டுப் பாவு நூலை மழைக்கு முன் சுருட்ட ஓடியவர், சேற்றில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தூக்கப் போன என்னிடம் முதலில் கேட்டது, "பாவு நனைஞ்சிச்சாபா?" என்றுதான். நனையவில்லை.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் காலில் மணல்மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. முடிச்சு சரியில்லை என்று நர்ஸம்மாவுக்குத் தறிக்கார முடிச்சு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மாட்டு வண்டியில் வைக்கோல்மேல் படுத்து வந்தபோது, எங்கள் பிள்ளையார்பாளையம் வரை எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று வானத்தைப் பார்த்தபடியே வண்டிக்காரருக்குச் சொன்னாராம்.

வீட்டில் தறி போக மிஞ்சிய இடத்தில்தான் கட்டில். படுத்தபடியே, "கரையில ஒரு இழை தொய்ஞ்சிக்கினு இருக்குது பாரு" என்பார்.

"அப்ப வந்து நீங்களே நெய்யுங்க" என்பாள் கலாவதி.

அதோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்தக் கால் இனி மிதியில் பதியுமா என்பதை டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. பத்து நாளாக, நீட்டிய கால் நீட்டியபடியே கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவளே எழுந்து வந்து முழங்காலை மடக்கிவிட்டுப் போகிறாள்.

நேற்றுக் காலை பேப்பர் இரவல் வாங்கப் போயிருந்தேன். கலாவதி மிதியை அழுத்தினாள். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"குழியில இன்னாவோ மாட்டிக்கினு இருக்குது" என்று குனிந்து தேடினாள். ஒன்றும் இல்லை. கயிறு மட்டும் விறைத்து நின்றது.

இருவரும் கட்டிலைப் பார்த்தோம். பரமசிவம் கண்ணை இறுக மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். மடங்கிய முழங்கால் நடுங்க நடுங்க, பாதம் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது.