குண்டு எறிய ஆறு பேர்

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்பாதான் பெரிய வாத்தியார். அதற்கு முன்னால் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் எங்களுக்குப் பாடம் பாதி, லெப்ட் ரைட் பாதி. அந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியோடு சேர்ந்து விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் ரோட்டில் ராணுவ லாரிகளுமாக இருந்த, வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் யாருக்கு வரும் அந்த ஆசை!

அங்குள்ள வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதி என் பையில் வைத்தார். பக்கத்து வீட்டு அத்தை சிம்பாங் அம்பாட் கடைக்குப் போகும்போது நானும் கூடப் போய், வழியில் அதைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு எட்டு வயது. வாய்க்கு மட்டும் எண்பது.

தோட்டத்து கேட்டில் சோதனை நடந்தது. காட்டிலிருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்விடக் கூடாதாம். என் பையில் அரிசி இல்லை, கடிதம்தான் இருந்தது. தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரர் அதைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தார். “சனிக்கிழமை காலை குண்டு எறிய ஆறு பேர் தயார். குண்டு இரண்டு என்னிடம் உள்ளது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஏம்மா, அப்பாகிட்ட குண்டு இருக்கா?”

“இருக்கே! கட்டிலுக்கு அடியில சாக்குல சுத்தி வெச்சிருக்காரு.” பெருமையாகவே சொன்னேன், பாவி.

“ஐயோ, வாய மூடு லா!” என்று அத்தை என் தலையில் குட்டினார்.

ஜீப் எங்கள் வீட்டுக்குப் பறந்தது. எங்களைக் கேட் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். இப்படிப் பிடிபட்டவர்களை நாடுகடத்திக் கப்பலேற்றி விடுவார்கள் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். சற்று நேரத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஜீப் எங்களைக் கடந்து போனது. என்னைப் பார்த்தார், கை அசைக்கவில்லை. அப்பாவைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

போலீஸ்காரர் என்னை விடவில்லை. “அப்பா பட்டாளத்துல இருந்தாராமே, எந்தப் பட்டாளம்?”

“தெரியாதுங்க” என்றேன். நிஜமாகவே தெரியாது.

மத்தியானம் எங்களை வீட்டுக்கு விட்டார்கள்; பின்னாலேயே அப்பா லாரியில் வந்து இறங்கினார். அலோர் காஜா போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைக்கார அதிகாரி சாக்கைப் பிரித்து, இரும்புக் குண்டைத் தூக்கிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாராம். அவரும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் குண்டு எறிந்தவராம். கதை கேட்டு லயமே சிரித்தது. நான் மட்டும் அடி விழப்போகிறதென்று கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, “பட்டாளத்தப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களாம்மா?” என்றார்.

“எந்தப் பட்டாளம்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்.”

அப்பா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் வியர்வை. உலகச் சண்டைக் காலத்தில் அவர் இருந்தது வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்த பட்டாளம் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷமானது. அன்றைக்கு எனக்கு ஒரே ஆச்சரியம்தான். வகுப்பில் தெரியாது என்று சொன்னால் பெஞ்சின்மேல் ஏற்றிவிடுகிற பெரிய வாத்தியார், என் தெரியாதுக்கு முத்தம் கொடுக்கிறாரே!