அவள் மெதுவாக நடந்த வருஷம்

கோபத்தைக் குறைக்கத்தான் நான் தியானம் கற்றுக்கொண்டேன். இப்போது அந்தத் தியானத்தை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல். அப்புறம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேல். அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனைவி மேலும் கொஞ்சம்.

அஞ்சுகிராமத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. மோட்டார், பைப், வால்வு என்று விவசாயிகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறேன். வாங்க வருகிறவர்களிடம் சண்டை போட்டே வியாபாரம் செய்து பழகியவன் நான். அளவு தெரியாமல் வாஷர் கேட்டு வருகிறவன் மேல்கூட எரிந்து விழுவேன். வீட்டில் கேட்கவே வேண்டாம், குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் தட்டு பறக்கும். ஒரு நாள் இரத்த அழுத்தம் ஏறி, கடையிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, தியானம் ஏதாவது பழகுங்கள் என்றார். நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு நடத்தியவர் வெள்ளை ஜிப்பா போட்ட, குரலே உயர்த்தாத மனிதர். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். சோற்றை அவசரமில்லாமல் மென்று தின்னுங்கள், பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வையுங்கள், நடக்கும்போது பாதம் தரையில் படுவதை உணருங்கள் என்பார். வீட்டில் காலையும் மாலையும் நாற்பது நிமிஷம் உட்கார வேண்டும். நான் உடனே வீட்டில் சட்டம் போட்டேன். அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடக் கூடாது, கூரை இடிந்து விழுந்தாலும் சரி. யாரும் என்றால் வேறு யார், என் மனைவி ஒருத்திதான். மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள்.

பலன் கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். தட்டு பறப்பது நின்றது. கடைக்கு வருகிறவர்கள், “அண்ணாச்சிக்கு ஒடம்புக்குச் சொகமில்லியா? சத்தத்தையே காணும்?” என்று கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம்தான் என் மனைவியிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். கவனித்தேன் என்று எழுதும்போதே பேனாவை முறித்துப் போடத் தோன்றுகிறது. எப்போதும் புயல் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தவள் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். டம்ளரை மேஜையில் வைக்கும்போது விரலால் இடம் பார்த்து, சின்னச் சத்தம்கூட இல்லாமல் வைத்தாள். சாப்பிடும்போது சோற்றைத் தடவி, நிதானமாக எடுத்து உண்டாள். சாயங்காலம் டிவியில் தொடர் பார்ப்பதை விட்டாள். நெத்திலியும் சாளையும் இல்லாமல் சோறு இறங்காதவள், மீன்காரி வந்து கூப்பிட்டாலும் வேண்டாம் என்று அனுப்பினாள். பருப்பும் கீரையுமாகவே சமைத்தாள். வகுப்பில் சொல்வார்கள், மனம் பக்குவப்பட்டால் மாமிசம் தானாகவே விலகும் என்று. எனக்கு விலகவில்லை. அவளுக்கு விலகிவிட்டதே என்று நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் கும்பிடப் போகிற நிழல் தாங்கலில் ஒன்று நடந்தது. நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்கள் வழிபாட்டில் சிலை கிடையாது. கருவறை மாதிரியான பள்ளியறையில் ஒரு கண்ணாடி இருக்கும், இரண்டு பக்கமும் விளக்கு எரியும். அதில் தெரிகிற தன் உருவத்தின் முன்னால்தான் ஒவ்வொருவரும் கும்பிட்டு நிற்க வேண்டும். நான் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் நகர்ந்துவிடுவேன். அவள் அசையாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கும்பிட்டு, நாமம் இட்டுக்கொண்டு போன பிறகும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பணம் கட்டி வகுப்புக்குப் போகிற எனக்கு வாய்க்காதது, அடுப்படியில் கிடக்கிற இவளுக்கு எப்படி வாய்த்தது?

இதையெல்லாம் வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். ஜிப்பாக்காரர் கண்கலங்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். “நான் என்னத்துக்கு அங்க?” என்று அவள் மறுத்தாள். நான் விடவில்லை. பட்டுச் சேலை கட்டச் சொல்லி, காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மேடைக்கு இரண்டு படி. அவள் முதல் படியைக் கால் விரலால் தேடி, தொட்டு, பாதத்தை ஊன்றி ஏறினாள். “பாருங்கள், அம்மாவின் பாதத்தைப் பாருங்கள்” என்றார் ஜிப்பாக்காரர். அத்தனை பேரும் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகூப்பினார்கள். நான் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இந்த நிதானம் உங்களுக்கு எப்படி வந்ததும்மா?” என்று அவர் மைக்கை நீட்டினார். அவள் மைக்கை வாங்கவில்லை. அவர் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி முகத்தைத் திருப்பினாள்.

“நிதானமா? எனக்குக் கண்ணு செரியாத் தெரியல்ல சார். விழுந்திரப்பிடாதேன்னு தடவித் தடவி நடக்கேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்போதாவது அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். அவர் முகத்தில் அதே புன்னகையை வைத்துக்கொண்டு, “இதையும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள். ஏற்றுக்கொள்வதுதான் தியானத்தின் கனி” என்றார்.

நான் மேடையில் ஏறிவிட்டேன். “என்னத்தவே ஏத்துக்கிடச் சொல்லுதீரு? அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்குவே!”

“கோபம் வருகிறது. அதைக் கவனியுங்கள்” என்றார்.

“கவனிச்சுக் கிழிச்சது போதும்” என்று கத்திவிட்டு அவள் கையைப் பிடித்து இறக்கினேன். இரண்டு படியும் இறங்கி முடிக்கும்வரை அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை விழித்திரையைத் தின்றிருந்தது. அவளுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும், மாத்திரை வாங்கிக் கொடுப்பதே நான்தான். கண்ணையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இடது கண்ணில் இரத்தம் கசிந்து முற்றிவிட்டது, அதில் இனி பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்றார் டாக்டரம்மா. வலது கண்ணுக்கு ஊசி போட்டு, லேசர் வைத்து, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாமாம். “எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் மூச்சு எந்த மூக்குத் துவாரத்தில் ஓடுகிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள்தான் பதில் சொன்னாள். போன வைகாசியிலேயே எழுத்து கலங்கிற்றாம். ஆவணிக்குள் ஆட்களின் முகம் தெரியவில்லையாம். நெத்திலியைக் கிள்ளிச் சுத்தம் செய்யக் கண் பிடிக்காததால் மீன் வாங்குவதை நிறுத்தினாளாம். “தாங்கல்ல கண்ணாடிக்கு மின்னால போயி நிப்பேன், டாக்டரே. வெளக்கு ரெண்டும் மங்கலாத் தெரியும். நம்ம மொகம் இப்ப வரும், இப்ப வரும்னு நிப்பேன். வராது.”

அன்றைக்கே வலது கண்ணில் முதல் ஊசியைப் போட்டுக் கட்டுப் போட்டார்கள். வீடு திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவளிடம் கத்தினேன். பழைய கத்தல். ஒரு வருஷத்து மூச்சுப் பயிற்சி எங்கே போயிற்றோ தெரியவில்லை. “வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?”

ஊசி போட்ட கண்ணில் கட்டு. மற்றக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சாலையைப் பார்த்தாள்.

“ரெண்டு மட்டம் சொல்ல வந்தேன். கண்ண மூடிட்டு இருந்திய. வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்.” சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, “மின்னெல்லாம் உங்களுக்கக் கோவத்துக்குப் பயந்து சொல்ல மாட்டேன். பொறவு நீங்க அமைதியா இருந்திய. அதக் கெடுத்திரப்பிடாதுன்னு சொல்லல்ல” என்றாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அவள் என் பக்கம் திரும்பி, கையை நீட்டித் தேடி, என் தாடையைத் தொட்டாள்.

“கோவமா இருக்கியளா? மொகம் தெரியல்ல, அதான் கேக்கேன்.”