குளவி குடியேறிய வேகக்குழாய்

தண்ணீர்க்குழாய் ஒழுகினால் தரை காட்டிக்கொடுக்கும். காற்றுக்குழாய் ஒழுகினால் காட்டிக்கொடுக்க எவருமில்லை. மிக்சியைப் பிரித்துப்போட்டுவிட்டு எழுந்துபோகும் கணவர் வாய்த்த சகோதரியரே, என்னவர் அன்னவாசல் கொட்டகையில் விமானம் கட்டுகிறார். இறக்கையடியில் முன்னோக்கி நீண்டிருக்கும் வேகக்குழாயில் புகும் எதிர்க்காற்றை, மெல்லிய நைலான் குழாய்களின் வழியே வேகமானியின் முள்வரை சிந்தாமல் கொண்டுசேர்ப்பது, இயற்பியல் படித்த என் பொறுப்பு. அந்த முள் பொய் சொன்னால், அவர் இறங்க நினைக்குமுன்பே விமானம் இறங்கிவிடும்.

நின்ற இடத்தில் நூறு

வேகக்குழாயின் உறையைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சை அதன் வாயில் பொருத்தி மெல்ல அழுத்தினேன். முள் நூறுக்கு ஏறியது. அங்கேயே நின்றிருந்தால் குழாயில் ஒழுக்கில்லை என்று பொருள்; அதுவோ அறுபதுக்குச் சரிந்தது. வேடிக்கை பார்த்த கொழுந்தனார் செல்வம் சொன்னார்:

"பிரேக்கே போடலை, வேகம் கொறையுதே அண்ணி. நம்ம டவுன் பஸ்ஸை விட நல்லா நிக்கிதுங்க."

பாதி மூச்சு

சோப்பு நுரை தடவித் தேடியதில் ஓர் இணைப்பில் குமிழி பூத்தது. குழாயின் முனையை என்னவர் சாய்வாக வெட்டியிருந்தார். நேராக வெட்டிப் பொருத்தி, உறையையும் மாட்டிவிட்டுக் கைகழுவப் போனேன். அதற்குள் செல்வம் உறையைக் கழற்றி, நாதஸ்வரக்காரரின் கன்னங்களோடு ஊதியிருந்தார். முள் கடைசிக் கோட்டில் முட்டி, அங்கேயே தங்கிவிட்டது. வேறு வேகமானி வரவழைக்க நேர்ந்தது.

"பாதி மூச்சுதான் விட்டேன் அண்ணி. முழுசா விட்டிருந்தா கொட்டகையே கெளம்பிருக்கும்."

புதுக் குடித்தனம்

புதிய வேகமானியுடன் என்னவர் பொட்டலில் தரையோடு ஓட்டிப் பார்த்த நாளில், விமானம் புழுதி பறக்க ஓடியது. முள் மட்டும் பூஜ்யத்தில் தியானத்திலிருந்தது. இறங்கிப் பார்த்தால், வேகக்குழாயின் வாயை மண் அடைத்திருந்தது. செல்வம் கழற்றிய உறையைத் திரும்ப எவரும் மாட்டவில்லை. குளவி கூடு கட்டிவிட்டது.

கம்பியை எடுத்தேன். செல்வத்தின் மனைவி ராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணமாகிப் போன மகளுக்கு இன்னும் குழந்தையில்லை என்ற கவலை அவளுக்கு.

"கலைக்காதீங்கக்கா. குளவி கட்டுன வீட்டுல பிள்ளைச் சத்தம் கேக்கும்."

"முள் அசையலைன்னா, ஓட்டுற உங்க மாமா கதி என்ன ராணி?"

"ஒரு உசுருக்காக இன்னொன்ன வேணாங்கலாமாக்கா?"

கம்பியைக் கீழே வைத்தேன். வேகக்குழாயைக் கூடோடு கழற்றி அவளிடம் கொடுத்தேன். புதியதொன்றைப் பொருத்தி, மறுபடியும் சிரிஞ்சை அழுத்தினேன். நூறுக்கு ஏறிய முள் இம்மியும் நகரவில்லை.

என்னவர் பொட்டலுக்கு மேலே ஒரு சுற்றுப் பறந்து, பூப்போல இறங்கினார். நான் ஓடிப்போய் முதலில் முள்ளைத்தான் பார்த்தேன். ராணியோ, பழைய குழாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்த கொட்டகை உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா பத்திரமா வந்துட்டாங்க. இனிமே குளவி அது வேலையப் பாக்கட்டும்."

ஆகவே எங்கள் குடும்பத்தில் இப்போது வேகக்குழாய்கள் இரண்டு: ஒன்று இறக்கையடியில் காற்றை எதிர்பார்க்கிறது, மற்றொன்று உத்தரத்தில் பேரக்குழந்தையை.