நிறைகுடத்துக்கு அடியில் ஒரு ரீவி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போய், இடுப்புப் பிடிப்போடு திரும்பி வந்தேன். சாப்பாட்டில் குறையில்லை. உபசரிப்பிலும் குறையில்லை. பிழை முழுவதும் ஒரு ரீவியில்.

சிவநேசன் அண்ணை ரொறொன்ரோவில், வோபர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். இப்போது நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருக்கிறார். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். அவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் பழைய வால்வு ரீவிகள். அதிலும் அந்தக் காலத்தில் ‘போர்ட்டபிள்’ என்று விற்றார்களே, அந்தச் சின்ன ரகம்... தலையில் மடக்கும் கைப்பிடி, உள்ளே தள்ளி மூடக்கூடிய இரண்டு கொம்பு அன்ரெனா, வயிற்றுக்குள் சூடேறிச் சிவக்கும் கண்ணாடி வால்வுகள்.

போர்ட்டபிள் — இந்தச் சொல்லை அந்தப் பெட்டியில் ஒட்டியவரை நான் ஒருநாள் நேரில் பார்க்கவேண்டும். முழு இரும்பு. அரிசி மூட்டையின் பாரம். அரிசி மூட்டைக்காவது கூரான மூலைகள் இல்லை. கைப்பிடி வைத்துவிட்டால் காவித் திரியலாம் என்று யார் சொன்னது? என் வீட்டு பிரிட்ஜுக்கும்தான் கைப்பிடி இருக்கிறது.

அப்படி ஒன்றைக் குடிபூரல் அன்று விடிய வோபர்னிலிருந்து ஸ்ரௌவ்வில்வரை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். கார் ஓட்டியவர் அண்ணை. “பின்னுக்கு வைச்சா குலுங்கும். நீர் மடியில வைச்சிரும்” என்றார். போய்ச் சேர்ந்தபோது என் கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

ஏன் இவ்வளவு பாடு? காரணம் அவர் மனைவி புனிதம் அக்கா.

அண்ணை சேர்த்த ரீவிகள் பழைய வீட்டு பேஸ்மென்ற் நிறையக் கிடந்தன. அக்கா அந்தப் பக்கம் இறங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டார். புது வீடு என்றதும் தீர்ப்புச் சொன்னார். “ஒண்டுகூட வேலை செய்யாது. குடிபூரல் அண்டைக்குச் சனத்துக்கு முன்னால ஒண்டையாவது ஓடிக் காட்டுங்கோ, ஹோலுக்குள்ளயே இடம் தாறன். இல்லாட்டி எல்லாம் குப்பைக்கு.”

அண்ணை குளிர்காலம் முழுவதும் மெனக்கெட்டு ஒன்றை எழுப்பினார். இன்றைய டிஜிட்டல் சிக்னல் இந்தக் கிழத்துக்கு விளங்காது. இடையில் ஒரு குட்டிப் பெட்டி மாட்டவேண்டும். மாட்டினார். படம் வந்தது. நானே கண்ணால் பார்த்தேன்.

ஆனால் வால்வு ரீவிக்கு ஒரு குணம் உண்டு. சுவிச்சைப் போட்டவுடன் ஒன்றும் வராது. வால்வு சூடாகும்வரை கறுப்பாகவே நிற்கும். நம் சனத்துக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா? அண்ணையின் திட்டம் இதுதான்: பூசைக்கு முன்பே ரீவியைப் போட்டுவிடுவது. சத்தத்தைக் குறைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது. பால் பொங்கியதும் சபைக்கு முன்னால் திருப்பிக் காட்டுவது.

நல்ல திட்டம். நம்மவர்கள் இல்லாத வீடாக இருந்திருந்தால் பலித்திருக்கும்.

ரொறொன்ரோவில் ஓமத்துக்கு முன்னால் நடக்கும் முதற் கிரியை எது தெரியுமா? பிள்ளையார் பிடிப்பது இல்லை. கதிரையில் ஏறி, புகை பட்டால் கத்தும் ஸ்மோக் அலாமுக்கு, குளிக்கும்போது தலையில் போடும் ஷவர் கப்பை மாட்டுவது. இல்லாவிட்டால் மந்திரத்துக்கு நடுவில் அது கத்தும், பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார். அங்கேயும் ஹோல் அலாம் பூப்போட்ட ஷவர் கப்போடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

திட்டப்படி ரீவியைப் போட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். நான் வெளியே போய் விறைத்த காலை உதறிவிட்டு வந்தபோது ரீவியைக் காணவில்லை.

இருந்த இடத்தில் நிறைகுடம் இருந்தது. வெள்ளை வேட்டி விரித்து, வாழையிலை போட்டு, அரிசி பரப்பி, செம்பு நிறையத் தண்ணீர், மாவிலை, தேங்காய். பக்கத்தில் அக்காவின் சின்னம்மா பெருமையோடு நின்றார். வேட்டிக்குக் கீழிருந்து ஒரு வயர் மெல்ல வெளியே வந்து சோபாவுக்குப் பின்னால் போனது.

“அன்ரி, உதுக்குக் கீழ ரீவி ஓடிக்கொண்டிருக்கு.”

“எந்த ரீவி? உது ஸ்ரூல், தம்பி.”

“இல்லை அன்ரி, ரீவிதான். மேல மூடினா கொதிக்கும்.”

“நிறைகுடம் வைச்சாச்சு. இனி அசைக்கப்படாது. பூசை முடியட்டும்.”

அண்ணையோ ஓம குண்டத்துக்கு முன்னால் விரலில் தர்ப்பையோடு இருக்கிறார். எழும்ப முடியாது. திரும்பிப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

சரி, பிளக்கையாவது இழுக்கலாம் என்று போனேன். பிளக் சோபாவுக்குப் பின்னால். சோபாவில் இடுக்கில்லாமல் ஆட்கள். “கொஞ்சம் எழும்புங்கோ” என்றேன். ஒரு அங்கிள் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் தந்தார்.

“இடம் வேண்டாம் அங்கிள். புகை வருது.”

“ஓமம் எண்டா புகை வரும்தானே தம்பி.”

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கொதிக்கிற மின்சாரப் பெட்டிக்கு மேல் ஒரு செம்புத் தண்ணீர். கத்தவேண்டிய அலாமின் வாயைக் கட்டியாயிற்று. கத்துகிற என்னை ஒருவரும் கணக்கெடுப்பதாக இல்லை. துணி கருகும் மணம் சந்தனக் கட்டையின் மணத்தோடு கலந்து வர, எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த அக்காவின் மூக்கு மட்டும் வேலை செய்தது. திரும்பினார். வேட்டி ஓரத்தில் நூல்போலப் புகை எழுவதைக் கண்டார். பேசாமல் இருந்திருந்தால் அந்த ரீவிகளின் தொல்லை அன்றோடு தீர்ந்திருக்கும். அவர் எழுந்துவிட்டார்.

“அம்மா, இடையில எழும்பக்கூடாது” என்றார் ஐயர்.

“வீடு எரிஞ்சா பிறகு எங்க ஐயா குடிபூருறது?”

நேராகப் போய் நிறைகுடத்தைத் தூக்கி நிலத்தில் வைத்தார். வேட்டியை உருவினார். ரீவியின் காற்றுத் துவாரங்கள் வரிவரியாக அதில் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தன. நான் அங்கிளின் முழங்காலைத் தாண்டிப் பாய்ந்து பிளக்கை இழுத்தேன். இடுப்பு பிடித்தது அந்த இடத்தில்தான்.

நம் வீடுகளில் தட்டையாக ஒரு சாமான் இருந்தால் அதன் தலையை வெறுமையாக விடுகிறோமா? பிரிட்ஜுக்கு மேல் விஸ்கோத்துத் தகரம், மைக்ரோவேவுக்கு மேல் மருந்துப் போத்தல்கள், வோஷிங் மெஷினுக்கு மேல் வெங்காயம். சுவரில் தொங்கும் மெல்லிய ரீவி வந்தபின் அதில் ஒன்றும் வைக்க முடியாமல் தவித்துப் போயிருக்கிறோம். அன்ரியைச் சொல்லிக் குற்றமில்லை.

பூசை முடிந்தது. பால் பொங்கியது. சனம் சாப்பாட்டுக்குப் பாய்ந்தது. அண்ணை மட்டும் சாப்பிடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல ரீவியின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப எல்லாம் போனிலயே பாக்கலாம்தானே” என்று அங்கிள் ஆறுதல் சொன்னார். அவரை ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஆறிட்டுதெண்டா போடுங்கோ, பாப்பம்.”

ரீவியை முன்பக்கம் திருப்பிப் போட்டார் அண்ணை. கறுப்பு. கறுப்பாகவே நின்றது.

“செத்துப்போச்சு” என்றபடி அங்கிள் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டக் கையை ஓங்கினார்.

“கையை எடுங்கோ” என்றார் அக்கா. “வால்வு சூடாக வேணும்.”

அண்ணை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடமும் வால்வுக் கதையைச் சுவருக்குச் சொல்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

முதலில் ஒரு சாம்பல் வெளிச்சம். பிறகு கோடுகள். பிறகு ஒரு பெண் வந்து நின்று ரொறொன்ரோவின் காலநிலை சொன்னாள். கறுப்பு வெள்ளையில் மழை வருமாம். அண்ணை சால்வையால் கண்ணைத் துடைத்தார். புகை என்றார். ஓமம் அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

நேற்று மறுபடி போனேன். ரீவி ஹோலில், நல்ல இடத்தில். அதன் தலையில் ஒரு குட்டிப் பிள்ளையார்.

“அக்கா...” என்றேன்.

“அவர் சின்னவர்தானே. காத்துப் போக இடம் விட்டுத்தான் வைச்சிருக்கிறன்.”

அண்ணாந்து பார்த்தேன். அலாமின் தலையில் அதே பூப்போட்ட ஷவர் கப். “உதை இன்னும் கழட்டேல்லையோ?”

“வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட வேணுமல்லோ.”

வாதாட எனக்குத் தெம்பில்லை. மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஸ்ரூலை இழுத்துப் போட்டு ஏறி, நானே கழற்றினேன். ஏறுவதற்கு முன்னால் துணியைத் தூக்கி, அது ஸ்ரூல்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.