கொக்குச் சித்தியின் வலது முட்டி

என் அம்மாவின் தங்கையை நூல் ஆலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொக்கு என்பார்கள். அவ்வளவு நீளமான கால்கள். நிலைப்படி இடிக்குமே என்று வீட்டுக்குள் குனிந்தே பழகியவள், வாலிபால் வலைக்கு முன்னால் மட்டும்தான் முழு உயரத்துக்கும் நிமிர்வாள்.

நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. ஷிஃப்ட் முடிந்ததும், பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். பறந்து வரும் பஞ்சு வலையில் அப்பிக்கொண்டிருக்கும். பந்து மோதும்போதெல்லாம் உதிர்ந்து தலையில் விழும். சித்தி எம்பி அடித்தால் மட்டும் வலை அசையாது. அவள் அதற்கும் மேலே போய்விடுவாள்.

மின்சார ஆபீஸ் பெண்களோடு ஆடிய ஒரு பந்தயத்தில்தான் அது நடந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் மோதவில்லை. பந்தை அடித்துவிட்டு இறங்கினாள். வலது கால் தரையில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்த சத்தம் தன் காதிலேயே விழுந்தது என்று பிற்பாடு சொன்னாள். வீடு வந்து சேர்வதற்குள் முட்டிச் சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

ஆலை டாக்டர் கட்டுப் போட்டு, "வீக்கம் வடிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரியில போய்க் காட்டும்மா. உள்ளுக்குள்ள என்னன்னு பார்த்துடணும்" என்றார். வீக்கம் வடிந்தது. நடந்தாள், சைக்கிள் மிதித்தாள், மாடிப்படி ஏறினாள். ஆஸ்பத்திரி மறந்துபோயிற்று.

"இப்பதான் நல்லாயிருக்கே, அப்புறம் என்னத்தக் காட்டுறது?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டு மறுபடி ஆடப் போனாள். நேராக ஓடும் வரைக்கும் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் போன ஒரு பந்துக்காகச் சட்டென்று திரும்பினாள். முட்டிக்குள் எலும்பு இடம் விட்டு வழுக்கியதுபோல் இருந்ததாம். விழுந்தவளால் காலை நீட்டவே முடியவில்லை. கதவு இடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல மடங்கியபடியே நின்றுவிட்டது. தோழிகள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். நான் அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை பார்த்த பிசியோ மேடம் குள்ளமானவர், கண்டிப்பானவர். மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முட்டியைத் திருகிக் காட்டினார்.

"தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல குறுக்கும் நெடுக்குமா ரெண்டு நார் இருக்கு பாரு. இதுல முன்னால இருக்கறது உனக்கு அன்னைக்கே அறுந்துபோச்சு. அதனாலதான் எலும்பு வழுக்குது. வழுக்கும்போது நடுவுல மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு நசுங்கி, கிழிஞ்சு, மாட்டிக்கிச்சு."

"வலிக்கவே இல்லையே மேடம், நல்லாத்தானே நடந்தேன்."

"நடக்கறதுக்கு அந்த நார் அவ்வளவா வேண்டாம். திரும்பறதுக்கும் குதிக்கறதுக்கும்தான் வேணும்."

சித்தி அந்த பிளாஸ்டிக் முட்டியை வாங்கி மடக்கி மடக்கிப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிழிந்த குருத்தெலும்பை அறுவை செய்து எடுத்தார்கள். அறுந்த நாரை அப்போதெல்லாம் அப்படியே விட்டுவிடுவார்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தித்தான் முட்டியைக் காப்பாற்ற வேண்டும்.

அதற்காக அந்த நீளமான அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பிகள், மணல் மூட்டைகள், ஒத்தடத்துக்கு உருக்கிய மெழுகின் வாசனை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும். காலை மடக்காமல் தூக்க வேண்டும். சித்தி யாரோடும் பேசாமல், கண்ணாடியைப் பார்க்காமல் செய்வாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பால் வண்டி டிரைவர் வந்தார். வண்டி பின்னால் உருண்டு, அவர் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியிருந்தது. முட்டிக்குக் கீழே பெரிய எலும்பும், அதை ஒட்டிய மெல்லிய எலும்பும் இரண்டுமே முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் கிடந்தவர்.

"பால் சிந்தலைங்க. கால்தான் போச்சு" என்று கேட்காமலேயே சொன்னார். சித்தி முட்டிக்கு அடியில் இருந்த துண்டை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

புதிதாகக் கட்டைப் பிரித்த அவருடைய கெண்டைக்கால் சதை வற்றி, தோல் உரிந்து, குச்சியாக இருந்தது. அதையே அவர் சங்கடமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தி வாய் திறந்தாள்.

"என்னைக் கொக்குன்னு சொல்வாங்க. பட்டத்தை இனிமே உங்களுக்குக் குடுத்துட வேண்டியதுதான்."

அடிபட்ட பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று பிசியோ மேடமே அம்மாவிடம் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு பேரும் கம்பிகளுக்கு நடுவில் எதிரெதிராக நின்று, அடிபட்ட காலை ஊன்றி ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி செய்வார்கள். யார் முதலில் கம்பியைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத் தோல்வி. சிகிச்சை முடியப்போகிற சமயத்தில் அவர் கேட்டார்: "இனிமே நான் எங்க வந்து உங்களோட ஒத்தக் கால்ல நிக்கறது?"

"எங்க வீட்டுல வந்து நில்லுங்க."

வந்தார். பெண் கேட்டு நிஜமாகவே ஒற்றைக்காலில் நின்றார். தாத்தா சம்மதிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் சேத்தே ரெண்டு நல்ல கால்தான் இருக்கு. எப்படிம்மா குடும்பம் நடத்துவீங்க?" என்றார்.

"நடக்கறதுக்கு ரெண்டு கால் போதும்ப்பா" என்றாள் சித்தி. தாத்தா வெற்றிலைப் பெட்டியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மைதானத்தை விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள். பிறகு நடுவர் தேர்வு எழுதினாள். முதல் பந்தயத்தன்று வலை ஓரத்தில் இருந்த உயரமான நடுவர் மேடையில் நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்து நிதானமாக ஏறினாள். சித்தப்பா கீழே நின்று மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அது தரையில் அறைந்து வைத்த மேடை, அசையவே அசையாது. ஆட்டத்தின் நடுவே பழைய தோழி ஒருத்தியின் கை வலையில் பட்டதென்று விசில் ஊதினாள். அந்தத் தோழி இடுப்பில் கைவைத்து, "கொக்கு, நீ நம்ம ஆளுதானா?" என்றாள். "மேல உக்காந்தா எல்லாரும் ஒண்ணுதான்டி" என்று பதில் வந்தது. மைதானமே சிரித்தது.

இருபது வருஷத்துக்கும் மேல் அவள் விசில் ஊதினாள். குருத்தெலும்பு போன முட்டி தேய்ந்துகொண்டே வந்தது. மழைக்காலத்தில் கட்டிலில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருப்பாள். அந்த ஆலை மூடி, மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கே யாருக்காவது அந்தப் பஞ்சு நினைவிருக்குமா தெரியவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியிலிருந்து இருவரும் இறங்கி வந்தார்கள். சித்தப்பா ஒரு படி முன்னால், பாதி திரும்பியபடி.

"நீங்க முன்னாடி நின்னா, நான் விழுந்தா ரெண்டு பேரும்தான் உருளணும்" என்றாள் சித்தி.

"உருண்டா உருளுவோம், வா" என்றார் அவர்.