பிந்தி விழிக்கும் இடம்

"சும்ம இரிக்காண்டாம், என்னத்தையாவது பேசிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஞானதாசன் ஆட்டோவைக் கிளப்புவார். இரணியல் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு இது பழக்கம். மழையைப் பற்றி, மகளின் கல்யாணத்தைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒயின்ஷாப் திருப்பம் வரைக்கும் "பெறவு?" "பெறவு?" என்று கேட்பவர், அதைத் தாண்டியதும் மௌனமாகிவிடுவார்.

ஐம்பது வயது. மெலிந்த உடம்பு. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். குடியை விட்டதும் லாட்டரி பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் தடை; கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கிடைக்கும். சவாரி இல்லாத நாளிலும் வண்டி மேற்கே போகும். "போவணும்னு நெனச்சதே இல்ல. பாறசாலை வந்த பெறவுதான் எனக்கே தெரியும்." ஒருநாள் மனைவி பூங்கனி மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டாற்றிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த நாட்களில்தான் திருவனந்தபுரத்தில் மூளையை ஆராயும் டாக்டர் ஒருவர் இவரைப் போன்றவர்களைச் சோதனைக்குத் தேடினார். ஞானதாசன் போய்க் குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் படுத்தார். "தூரத்துல வள்ளம் போவுத மாதிரி ஒரு சத்தம். கடலுக்கடியில கெடக்கேன்னே நெனச்சேன்" என்பார். கண்ணெதிரே படங்கள் மிதந்து வந்தன. பூ, குடை, பசு வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். மதுக்குப்பியோ லாட்டரி டிக்கெட்டோ வந்தால் கூடாது. "வேண்டாம்னு நெனைக்கதுக்கு முன்ன விரலு அமுக்கிப்போட்டு மக்கா."

சாம்பல் நிற மூளைப் படத்தில் ஓரிடம் மட்டும் கனலாகச் சிவந்திருந்தது. "ஆசை எழும்புற இடம் இது, டிக்கெட்டைக் கண்டதும் எரியுது. நிறுத்துற இடம் பிந்தித்தான் முழிக்குது. செத்துப் போகல்ல, பழக்கலாம்" என்றார் டாக்டர். தன்னைக் கெட்டவன் என்றே நம்பியிருந்த மனிதர், தன் தலைக்குள் எரியும் அந்தச் சிறு விளக்கைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நேரே கோட்டாற்றுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். பூங்கனி, "அந்த எடம் முழிக்கது வரைக்கும் என்னைய போன்ல விளிச்சிப் பேசுங்க" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள். "உங்க கையில இன்னொரு டிக்கெட்டக் கண்டா, பெறவு நான் வரமாட்டேன்."

போன ஆடிச் சாரலில் பாறசாலைக்கு ஒரு துக்கவீட்டுக்குப் போக அவரை அழைத்தேன். சற்றுத் தயங்கி, "ஏறும்" என்றார். ரப்பர் மரங்களுக்கிடையே வெண்புகை போல மழை நின்றது. வண்டி அதற்குள் மிதந்து போவதுபோல் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது, குடை பிடித்த லாட்டரிக்காரர் ஆட்டோவை ஒட்டி நின்றார். விசிறியாக விரித்த டிக்கெட்டுகள், பச்சையும் ரோஸுமாக, ஞானதாசனின் முகத்துக்கு நேரே அசைந்தன. காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன். பூங்கனியின் குரல் எனக்கும் கேட்டது.

"அயிலை வாங்கினேன். தேங்கா அரைச்சாச்சி. இப்பம் புளி கரைக்கேன். கேக்கியளா?"

"கேக்கேன் ஏட்டி. நிறுத்தாத."

அவர் கண்கள் டிக்கெட்டுகளை விட்டு நகரவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் முழுக் கனத்தையும் வைத்து உட்கார்ந்திருந்தார்.